வள்ளியிலிருந்து ஔவைவரை

இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தைத் தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் பார்க்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. இதை ஆடுகிறவர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். அன்றைய ஓர் இரவுக்காகத் தனித்தனியே பேசி அழைக்கப்பட்டவர்கள். ஸ்பெஷல் நாடகம் என்று அதற்குப் பெயர் வந்தது அதனால்தான். ஒத்திகை கிடையாது. திரை விலகும்போதுதான் வள்ளியும் முருகனும் ஒருவரையொருவர் அளந்துகொள்கிறார்கள்.

நாடகத்தின் உயிர் தர்க்கத்தில் இருக்கிறது. தினைப்புனத்துக்கு முதலில் நாரதர் வருகிறார், பிறகு வேடனாக முருகன் வருகிறான். இருவரோடும் வள்ளி வாதாட வேண்டும். வசனமும் விருத்தமும் பாட்டும் கலந்த வாதம் இது. எதிராளி ஒரு ராகத்தை எடுத்தால் அதே ராகத்தில் பதில் சொல்ல வேண்டும், செய்யுளில் மடக்கினால் செய்யுளிலேயே மீள வேண்டும். கதைப்படி வள்ளி முருகனுக்கு மனைவியாகப் போகிறவள்தான். ஆனால் தர்க்கம் நடக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கதைமுடிவு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஊரே உட்கார்ந்து ஒரு பெண் ஓர் ஆணை மடக்குவதைப் பார்த்துக் கைதட்டும். பொதுவெளியில் இதற்கு அனுமதி கிடைத்த வேறு இடங்கள் அன்று எத்தனை இருந்தன?

1926இல் இலங்கையில் இப்படியொரு மேடையில்தான் கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் வள்ளியும் முருகனுமாகச் சந்தித்தார்கள். கொடுமுடியில் 1908இல் பிறந்து, வறுமையினால் சிறுமியாகவே நாடகக் கம்பெனிக்கு வந்தவர் சுந்தராம்பாள். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. கிட்டப்பாவுக்கு இருபது, செங்கோட்டைப் பிராமணக் குடும்பம், ஆர்மோனியத்தில் அண்ணன் காசி ஐயர், ஊரெங்கும் பெயர். கிட்டப்பாவோடு பாடி இந்தப் பெண்ணால் நிற்க முடியுமா என்ற ஐயம் அன்று இருந்ததாகச் சொல்வார்கள். நின்றார்.

எப்படி நின்றார் என்பதைக் குரலை வைத்துத்தான் பேச வேண்டும். மைக் இல்லாத மேடை. கடைசி வரிசையில் வண்டிமாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு நிற்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். அதனால் நாடகச் சுருதி உயர்ந்தது. நாலு கட்டை, ஐந்து கட்டை என்றுதான் பேச்சு. தர்க்கத்தில் இருவருக்கும் ஒரே ஆர்மோனியம், ஒரே சுருதி. கிட்டப்பாவின் புகழே அந்த உச்சத்தில் சஞ்சரித்ததால் வந்ததுதான். பெண்குரலுக்குக் கீழே ஆண்குரல் தாங்கி நிற்கும் ஏற்பாடு அங்கே இல்லை. இரண்டும் ஒரே உயரத்தில் மோதின. பின்னாளில் மைக் வந்ததும் கச்சேரி மேடையில் ஆண் பாடகர்கள் சுருதியைத் தணித்துக்கொண்டார்கள். நாடகப் பாட்டு ‘கத்தல்’ ஆகிவிட்டது. ரசனை என்று நாம் சொல்வதில் எவ்வளவு மின்சாரம் கலந்திருக்கிறது!

ஆனால் ‘கத்தல்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாசலைத் தாண்டிக் குரல் கேட்காதவளே குடும்பப் பெண் என்று இலக்கணம் வகுத்த சமூகத்தில், ஊர் எல்லைவரை கேட்கும் குரல் உடையவள் யார் என்ற கேள்வி உடனே எழும். மேடையேறிய பெண்ணுக்குக் கூத்தாடி என்ற பெயரும் அதற்குள்ளிருக்கும் வசையும் சேர்ந்தே கிடைத்தன. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகச் சிறப்பு ரயில் ஓடியதாக நாடகக்காரர்களின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. இன்று அந்த ரயில் கதை மட்டுமே மிஞ்சியிருக்கிறது, அவர் எப்படிப் பாடினார், எப்படிக் கம்பெனியை நிர்வகித்தார் என்பதைப் பற்றிப் பேச்சில்லை. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையோ படித்த கனவான்களின் சபை. அங்கே பெண் வேடத்துக்கு ரங்கவடிவேலு இருந்தார். சுவாமிகள் நடத்திய பாலர் கம்பெனிகளிலும் சிறுவர்களே சீதையும் சாவித்திரியும். மேடையை ‘மரியாதைக்குரியது’ ஆக்க முதலில் செய்தது பெண்ணை இறக்கியதுதான். நாடக வரலாற்றுப் பாடம் நடத்தும்போது மாணவிகள் குறிப்பேட்டில் தந்தை, தலைமை ஆசிரியர், மன்னர் என்று பட்டங்களாக எழுதிக்கொண்டே போகிறார்கள். எல்லாம் ஆண்பால். எனக்கே சலிப்பாக இருக்கும்.

சுந்தராம்பாளுக்கும் கிட்டப்பாவுக்கும் மேடையில் தொடங்கியது 1927இல் திருமணமானது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. சாதி வேறு. வாழ்க்கை பிணக்கும் பிரிவுமாகப் போனது. சுந்தராம்பாள் எழுதிய கடிதங்களில் காதலும் கோபமும் வழக்காடும் தொனியும் சேர்ந்தே கிடக்கின்றன. தர்க்கத்தில் தேர்ந்த வள்ளியின் கை என்றுதான் அவற்றை நான் வாசிக்கிறேன். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு, இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி.

இதை எல்லோரும் காதலின் உன்னதம் என்று எழுதுகிறார்கள். இருக்கலாம், துக்கத்தை அளக்க நாம் யார்? எனக்கு உறுத்துவது அந்த முடிவுக்குப் பின் வந்த வேடங்களின் வரிசை. 1935இல் திரைப்படத்தில் நந்தனார்: ஓர் ஆண், அதுவும் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர். எதிரே வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அந்தப் படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று பெருஞ்செய்தி. 1940இல் மணிமேகலை: துறவி. 1953இல் ஔவையார்: கிழவி. 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள்: மறுபடி துறவி. 1973இல் காரைக்கால் அம்மையார்: அழகை உதறிப் பேயுரு வேண்டியவள். ஆண், துறவி, கிழவி, பேய். ஒரு பெண் உரத்துப் பாடுவதற்குத் தமிழ்ச் சமூகம் திறந்துவைத்த வாசல்கள் இவை. உடலைக் கழற்றிவைத்துவிட்டால் குரலை அனுமதிக்கலாம்.

இளமையிலேயே முதுமையைக் கேட்டுப் பெற்றுத் திருமணத்திலிருந்து தப்பினாள் என்பது ஔவையைப் பற்றிய வழிவழிக் கதை. சுந்தராம்பாள் அந்தக் கதையை வாழ்க்கையில் இருபத்தைந்திலும் திரையில் நாற்பத்தைந்திலும் நடித்தார். அதே ஔவை வேடத்தை மேடையில் போட்ட டி.கே. சண்முகத்துக்கு ‘ஔவை’ பட்டமாகி, பெயருக்கு முன்னால் நிலைத்தது. அவர் வேடத்தைக் கலைத்துவிட்டு மறுநாள் அரசனாகவும் நடிக்கலாம். சுந்தராம்பாளுக்கு வேடம் கலைந்தபின்னும் அதே வெள்ளைச் சேலை, அதே திருநீறு.

இதை முழுக்கத் தோல்வி என்றும் சொல்ல மாட்டேன். அந்த வெள்ளைச் சேலையோடுதான் காங்கிரஸ் மேடைகளில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். 1951இல் சென்னை சட்ட மேலவைக்குள் போனார். திரைத்துறையிலிருந்து சட்டமன்ற அவைக்குச் சென்ற முதல் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். கூத்தாடி என்ற வசையைத் தாண்ட அவர் கையில் கிடைத்த கவசம் அது. கவசத்தின் விலையைத்தான் பேசுகிறேன். ஸ்பெஷல் நாடகங்களில் ஆடும் பெண்கள் பலருக்கு அந்தக் கவசமும் இல்லை. விடியற்காலையில் மாலை மாற்றி, பொடியைத் துடைத்து, தலையில் முக்காடு இழுத்துக்கொண்டு முதல் பேருந்தில் ஊர் திரும்புகிறார்கள். தெருவில் யாருக்கும் தெரியாமல் வீடு சேர்வதும் அவர்கள் கற்றுக்கொண்ட நடிப்பு.

சென்ற ஆண்டு வகுப்பில் ‘ஔவையார்’ படத்தின் ஒரு பகுதியைப் போட்டுக் காட்டினேன். ஒரு மாணவி, “இவங்க வள்ளியா பாடுனதக் கேக்க முடியுமா மேடம்?” என்றாள். சுந்தராம்பாள் இசைத்தட்டுகள் கொடுத்தவர்தான். ஆனால் அந்தக் காலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ஒரு பாட்டு அதில் அடங்கும், இரண்டு மணி நேரத் தர்க்கம் அடங்காது. அதைச் சொன்னேன். “அப்ப கிழவி குரல் மட்டுந்தான் நமக்கா?” என்று கேட்டுவிட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள்.