56 இராத்தல் இரும்பின் கதை



பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், உடல் பருத்த சிறுவன் ஒருவன் திடலோரம் ஒதுங்கி நிற்பதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பீர்கள். குண்டு எறிய ஆளில்லை என்ற நிலை வந்தபிறகே அவன் பெயர் நம் நினைவுக்கு வரும். இவ்வாண்டு என் வகுப்பிலும் அப்படி ஒருவன் நின்றான். அவனைப் போன்றவர்கள் வளர்த்தெடுத்த ஒரு விளையாட்டின் வரலாற்றை எழுத வேண்டும் என்று அன்றே தோன்றியது. அவ்விளையாட்டு எடை எறிதல்.

சந்தையில் பிறந்த விளையாட்டு

அக்காலப் பிரிட்டனில் தானியமும் கம்பளியும் 112 இராத்தல் கொண்ட 'அந்தர்' கணக்கில் நிறுக்கப்பட்டன. அதில் பாதி 56 இராத்தல்; கால் பங்கு 28 இராத்தல். வளையம் பொருத்திய அந்த இரும்புப் படிக்கற்களையே வேலை ஓய்ந்த நேரத்தில் உழவர்கள் தூக்கி எறிந்து பலம் பார்த்தனர். 56 இராத்தல் என்பது 25.4 கிலோகிராம். நம் வீட்டுப் பத்துக் கிலோ அரிசிப் பைகள் இரண்டரையை ஒன்றாகக் கட்டி வீசுவதற்கு ஒப்பானது அது! ஸ்காட்லாந்தின் மலைநாட்டு விளையாட்டு விழாக்களில் இவ்விரு எடைகளும் இன்றளவும் எறியப்படுகின்றன.

கடல் கடந்த கழகங்கள்

பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற ஸ்காட்லாந்து மக்கள், 1853-இல் பாஸ்டனிலும் 1856-இல் நியூயார்க்கிலும் காலெடோனியன் கழகங்களை நிறுவினர். மக்கள் கட்டணம் செலுத்தி அவர்களின் விழாக்களைக் கண்டுகளித்தனர். வென்றோர் பணப்பரிசு பெற்றனர். டொனால்ட் டின்னி போன்ற வீரர்கள் அதனையே வாழ்வாதாரமாகக் கொண்டனர்.

1868-இல் வில்லியம் கர்ட்டிஸ், ஹாரி பூர்மையர், ஜான் பாப்காக் ஆகிய மூவர் நியூயார்க் அத்லெட்டிக் கழகத்தைத் தோற்றுவித்தனர். பணத்திற்காக அன்றி விளையாட்டுக்காகவே விளையாடும் 'அமெச்சூர்' வீரர்களின் கழகம் அது. அக்கழகம் 1876-இல் தேசிய அளவிலான போட்டியைத் தொடங்கியது. ஈராண்டுகளில் 56 இராத்தல் எறிதலும் அதில் இடம்பெற்றது.

அமெச்சூர் என்ற சொல் கேட்பதற்கு இனிமையானது. ஆனால் அது ஒரு மதிற்சுவராகவும் இருந்தது. 1866-இல் லண்டனில் உருவான அமெச்சூர் கழகத்தின் விதி, உடலுழைப்பால் வாழும் தொழிலாளரை அமெச்சூர் அல்லர் என ஒதுக்கியது. 1880-இல் புதிய சங்கம் அமைந்த பின்னரே அத்தடை நீங்கியது. உழைப்பாளி கண்டெடுத்த விளையாட்டிலிருந்து உழைப்பாளியையே விலக்கியது எத்துணை முரண்!

சுவரைத் தாண்டியவர்கள்

அச்சுவரைத் தாண்டியவர்களுள் முதன்மையானவர்கள் அயர்லாந்தின் கிராமத்து இளைஞர்கள். 1884-இல் அங்கே கேலிக் விளையாட்டுக் கழகம் தோன்றியது. அதன் முதல் தலைவர் மாரிஸ் டாவினே புகழ்பெற்ற எறிவீரர். 1888-இல் அக்கழகத்தின் வீரர்கள் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது, ஜேம்ஸ் மிச்சல் உள்ளிட்ட பலர் அங்கேயே தங்கிவிட்டனர்.

1898-இல் நியூயார்க்கில் தொடங்கப்பெற்ற கழகமே பின்னர் ஐரிஷ் அமெரிக்க அத்லெட்டிக் கழகமாகப் புகழ்பெற்றது. உழைக்கும் மக்களின் கழகமான அது, யூதரான மையர் பிரின்ஸ்டைனையும் கறுப்பினத்தவரான ஜான் டெய்லரையும் உறுப்பினராக ஏற்றது. ஜான் ஃபிளானகன், மாட் மெக்ராத், பாட் மெக்டொனால்ட் ஆகியோர் நியூயார்க் காவல்துறையில் பணியாற்றியவாறே எறிந்தனர். மலைபோன்ற உடலுக்காக இவர்களை 'ஐரிஷ் திமிங்கலங்கள்' என அழைத்தனர். 1911-இல் மெக்ராத் 56 இராத்தல் எடையை 40 அடிக்கும் அப்பால் எறிந்தார்.

1904 செயிண்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் எடை எறிதல் இடம்பெற்றது. சங்கிலிக் குண்டு எறிதலில் தங்கம் வென்றிருந்த ஃபிளானகனே இதிலும் வெல்வார் என எதிர்பார்க்கப்பட்டார். கனடாவின் மொன்ரியல் நகரக் காவலர் எத்தியேன் டெமார்ட்டோ 10.46 மீட்டர் எறிந்து அவரை வென்றார். நாற்பது வயது மிச்சல் வெண்கலம் பெற்றார். மறு ஆண்டே டெமார்ட்டோ குடற்காய்ச்சலால் காலமானது பெருந்துயரம். 1920 ஆண்ட்வெர்ப்பில் 42 வயது மெக்டொனால்ட் 11.26 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். அதன்பின் இவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை.

முதியோருக்கும் இடம்

ஒலிம்பிக் கைவிட்டாலும் கழகங்கள் கைவிடவில்லை. நீண்ட கம்பியுடைய சங்கிலிக் குண்டை உள்ளரங்கில் எறிவது ஆபத்து. ஆகவே, அமெரிக்கக் குளிர்காலப் போட்டிகளில் குறுகிய பிடியுடைய 35 இராத்தல் எடை நிலைபெற்றது. பின்னர் பெண்களுக்கு 20 இராத்தல் எடை வந்தது. உலக மூத்தோர் தடகளத்தில் வயது ஏற ஏற எடை குறைக்கப்படுகிறது. எண்பது வயதைக் கடந்த ஆடவரும் 12 இராத்தல் எடையுடன் களமிறங்கலாம்.

அன்று ஒரு விதி உழைப்பாளியை வெளியே நிறுத்தியது. இன்றைய விதியோ எறிபவரின் வலிமைக்கேற்ப எடையையே மாற்றிக்கொள்கிறது. திடலோரம் நிற்கும் அந்தச் சிறுவனுக்காக நாம் மாற்றிக்கொள்ள வேண்டியது எது? ஆசிரியப் பெருமக்கள் சிந்திக்க வேண்டுகிறேன். அடுத்த பயிற்சிக்கு நான் முதலில் அழைக்கப்போவது அவனைத்தான்.