ஐம்பது வெள்ளித் தாளில் கருவாடு

சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளித் தாளைத் திருப்பினால் இரண்டு ஓவியங்கள் தெரியும்: கொடிகளுக்கிடையே இரண்டு கிப்பன் குரங்குகள், அருகே, கருவாடு காயப்போடும் கிராமத்தார். குரங்குகளை வரைந்தவர் சென் வென் ஸி, கருவாட்டை வரைந்தவர் சியோங் சூ பீங். இருவரும் சீனாவில் பிறந்து, ஓவியம் பயின்று, 1940களில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவர்கள். குரங்கு பழைய சீன மை ஓவியத்தின் பொருள். கருவாடு தென்கிழக்காசியக் கடற்கரையின் சரக்கு. வந்தேறிகளின் கலை இரண்டு கரைகளிலும் கால் வைத்திருந்ததை இந்தத் தாளே சொல்லிவிடுகிறது.

இதற்கு அடித்தளமிட்டவர் லிம் ஹாக் டாய். 1938இல் நன்யாங் நுண்கலைப் பள்ளியைத் தொடங்கினார். தென்கிழக்காசியாவைச் சீனர்கள் 'தென்கடல்' என்ற பொருளில் நன்யாங் என்பார்கள். இந்த மண்ணின் வெயிலையும் வாழ்க்கையையும் வரையுங்கள் என்பதே அவர் மாணவர்களிடம் வற்புறுத்தியது.

1952இல் சென் வென் ஸி, சியோங் சூ பீங், லியூ காங், சென் சோங் ஸ்வீ ஆகிய ஓவியர்கள் நால்வரும் பாலித் தீவுக்குப் போனார்கள். திரும்பிவந்து மறு ஆண்டு வைத்த கண்காட்சியைத்தான் 'நன்யாங் பாணி'யின் முக்கியத் திருப்பம் என்பார்கள். லியூ காங் 1954இல் தீட்டிய 'ஓவியரும் மாடலும்' அந்தப் பயணத்தின் விளைச்சல். அதில் பாலிப் பெண்ணொருத்தியைப் பார்த்து வரைந்துகொண்டிருப்பவர் சென் வென் ஸியேதான். உருவங்களைச் சுற்றி பாத்திக் துணியில் வருவதுபோல் வெள்ளைக் கோடுகள்.

அழகான படம்தான். ஆனால் பாலி அவர்களுக்குச் சொந்த ஊர் அல்ல. பெல்ஜிய ஓவியர் லெ மேயர் முன்பே குடியேறி வரைந்து புகழ்பெற்ற தீவு அது. 'உள்ளூர்' எதுவென்று தேடியவர்கள், சுற்றுலாக்காரர் கண்ணையும் கூடவே கொண்டுபோனார்கள்.

வேறு வழியில் போனவர் சுவா மியா தீ. 1931இல் சீனாவின் ஷான்டோவில் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூர் வந்து, நன்யாங் பள்ளியில் படித்தவர். சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற 1959இல் 'தேசிய மொழி வகுப்பு' என்ற எண்ணெய் ஓவியத்தைத் தீட்டினார். வட்ட மேசையைச் சுற்றி இளைஞர்கள், மலாய் ஆசிரியர். பின்னால் கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? எங்கே குடியிருக்கிறாய்?

தொடக்கப் பாடப் புத்தகக் கேள்விகள்தான். ஆனால் அன்று குடியுரிமை தேடிக்கொண்டிருந்த ஒரு தலைமுறையிடம் அவற்றைவிடக் கடினமாக எதைக் கேட்டிருக்க முடியும்?

அப்போது மலேயாவோடு சேரும் கனவு இருந்தது, அதனால்தான் மலாய் வகுப்பு. 1963இல் மலேசியாவில் சேர்ந்த சிங்கப்பூர் 1965இல் தனி நாடானது. மலாய் இன்றும் தேசிய மொழி, நாட்டுப்பண்ணும் அதில்தான். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஆங்கிலம் வந்துவிட்டது. 'தேசிய மொழி வகுப்பு' ஓவியம் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.