நசாவு துறைமுகமும் ஒரு வக்கீலும்

1803-இல் நெப்போலியன் லூசியானாவை அமெரிக்காவுக்கு விற்றதை எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். விற்ற பிறகும் அங்கே பிரெஞ்சு மொழியும் பிரெஞ்சுச் சட்ட மரபும் நிலைத்திருந்தன. அந்த மண்ணில் பெரிய ஆளான ஒரு வக்கீலைப் பற்றி இன்று சொல்கிறேன். பெயர் ஜூடா பெஞ்சமின்.

1811-இல் கரீபியக் கடலின் செயின்ட் குரோய் தீவில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யேல் கல்லூரியில் சேர்ந்தும் பட்டம் வாங்கவில்லை. 1828-இல் நியூ ஓர்லியன்ஸ் வந்து ஒரு நோட்டரியிடம் குமாஸ்தா வேலை பார்த்தார். நத்தாலி என்ற பெண்ணுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, பதிலுக்குப் பிரெஞ்சு கற்றுக்கொண்டார். பிறகு அவரையே மணந்தார். 1832-இல் வக்கீலானார்.

1841-இல் 'கிரியோல்' என்ற கப்பல், வர்ஜீனியாவிலிருந்து நியூ ஓர்லியன்ஸுக்கு அடிமைகளை ஏற்றிச் சென்றது. நடுக்கடலில் 19 பேர் கிளர்ந்தெழுந்து, கப்பலைப் பிரிட்டிஷார் ஆண்ட பஹாமாஸ் தீவுகளின் நசாவு துறைமுகத்துக்குத் திருப்பினார்கள். அங்கே அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. 'சரக்கு' போய்விட்டதென்று சொந்தக்காரர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டார்கள். கம்பெனிகள் பக்கம் வாதாடியவர் பெஞ்சமின். அடிமையும் மனிதனே, அவனுக்கும் அன்பு, துக்கம், கோபம் உண்டு, விடுதலைக்கு ஏங்குவது அவன் இயல்பு என்று எழுதிக் கொடுத்தார்.

அதே ஆண்டுகளில் அவருடைய பெல்சேஸ் கரும்புத் தோட்டத்தில் சுமார் 140 அடிமைகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள்!

1853-இல் செனட்டரானார். உள்நாட்டுப் போர் மூண்டதும் அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களின் அரசில் சட்டம், போர், வெளியுறவு என மூன்று துறைகளுக்கும் அடுத்தடுத்து மந்திரியாக இருந்தார்.

1865-இல் தோற்றதும் ஓடினார். ஆங்கிலம் சரியாக வராத பிரெஞ்சுக்காரர்போல வேஷம் போட்டு, ஃபுளோரிடா வழியாகப் படகேறி அவர் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று அதே நசாவு. அங்கிருந்து கியூபா வழியாக இங்கிலாந்து. ஐம்பத்தைந்து வயதுக்குள் மறுபடி வக்கீல். 1868-இல் அவர் எழுதிய விற்பனைச் சட்ட நூலின் வழிவந்த பதிப்புகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. 1884-இல் பாரிஸில் காலமானார். பேர் லஷேஸ் கல்லறையில் அடக்கம்.

தன் கடிதங்களையும் காகிதங்களையும் அவர் எரித்துவிட்டார். கோப்பு இல்லாவிட்டால் யாரையும் கேள்வி கேட்க முடியாது என்பது குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தெரியும். ஆனால் கிரியோல் வழக்கில் அவர் எழுதிய வாதம் அச்சாகிவிட்டது. அதை மட்டும் அவரால் எரிக்க முடியவில்லை.