ஆற்று வழியா, இரயில் வழியா?



சென்ற பள்ளி விடுமுறையில் ஆசிரியத் தம்பதியர் இருவர் பூச்சோங்கிலுள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தனர். கணவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். மனைவி ஓய்வுக்குக் காத்திருப்பவர். வாழ்நாளில் ஒருமுறையாவது ஐரோப்பாவைக் கண்டுவர வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் ஆசை. கையில் இரண்டு திட்டங்களோடு வந்திருந்தார்கள். ஒன்று, ரைன் ஆற்றில் பாசல் நகரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை எட்டு நாள் கப்பற்பயணம். உணவு, உறக்கம், வழிகாட்டி யாவும் கப்பலிலேயே. மற்றொன்று, யூரெயில் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு, தங்கும் விடுதிகளைத் தாமே பார்த்துக்கொண்டு, ஊர் ஊராக இரயிலில் செல்வது.

"முழங்கால் வலியோடு பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட என்னால் ஆகாது" என்றார் அம்மையார். "கூட்டத்தோடு கூட்டமாக மணியடித்தால் இறங்கி, மணியடித்தால் ஏறுவதற்கா அவ்வளவு தூரம் போவது?" என்றார் கணவர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்கள் வரலாறு படித்தவர். நீங்களே சொல்லுங்கள்" என்று தீர்ப்பை என் தலையில் வைத்துவிட்டார்.

நான் உடனே விடை கூறவில்லை. "இதே கேள்வியை நாம் வாழும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுக்கொண்டது. அதற்குக் கிடைத்த விடையில்தான் நம் குடும்பங்களின் கதையும் இருக்கிறது" என்றேன். அன்று நான் அவர்களுக்குச் சொன்னவற்றையும், சொல்ல மறந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். மாணவர்களுக்குச் சொல்ல உங்களுக்கும் பயன்படலாம்.

ஆறே நெடுஞ்சாலையாக இருந்த காலம்

1857ஆம் ஆண்டில் கிள்ளானின் ராஜா அப்துல்லா ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடம் வரைதான் படகு செல்ல முடிந்தது. அங்கே இறங்கிக் காட்டு வழியே அம்பாங்கிற்கு நடந்தார்கள். ஒரு மாதத்திற்குள் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் போக எஞ்சியோர் 18 பேர் மட்டுமே என்று வரலாறு குறிக்கிறது. படகு நின்ற அந்தச் சேற்றுக் கூடல்தான் கோலாலம்பூர். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமெக் இன்று அந்தக் கூடலில்தான் நிற்கிறது.

அக்காலத்தில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை ஆற்றை எதிர்த்துக் கழி ஊன்றிப் படகு தள்ளி வர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். அரிசியும் எண்ணெயும் மேலே வந்தன; ஈயம் கீழே போனது. பின்னர், நீராவிப் படகில் டாமான்சாரா துறை வரை வந்து, அங்கிருந்து மாட்டு வண்டிச் சாலையில் கோலாலம்பூர் சேரும் வழி உண்டாயிற்று. ஆயினும் மழைக் காலத்தில் சாலை சேறாகும். வறண்ட காலத்தில் ஆறு படகைத் தாங்காது. இன்று டாமான்சாரா என்றால் அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் நினைவுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் அது ஒரு படகுத்துறையின் பெயர் என்பதை நம் பிள்ளைகள் அறிவார்களா?

இருப்புப்பாதை வந்தது

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அப்பாதையை இடுவதற்கு இலங்கையிலிருந்து பயனியர் தொழிலாளர் பிரிவுகள் வரவழைக்கப்பட்டன.

சிலாங்கூரில் 1882இல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், ஆற்றை நம்பியிருந்தால் ஈய வணிகம் வளராது என்று கருதினார். பேராக் அரசின் கருவூலத்திலிருந்து கடன் பெற்றுப் பாதை போடப்பட்டது. 1886ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை ஏறத்தாழ 31 கிலோமீட்டர் தொலைவுக்கு இரயில் ஓடத் தொடங்கியது. இரயில் கிள்ளான் நகருக்குள் செல்லவில்லை. குறுக்கே ஆறு கிடந்தது. 1890இல் கன்னாட் பாலம் திறக்கப்பட்ட பின்னரே அது கிள்ளானை அடைந்தது. ஆற்றுக்கு மாற்றாக வந்த இரயிலை அந்த ஆறே நான்காண்டுகள் வாசலில் நிறுத்தி வைத்தது என்று மாணவர்களிடம் நான் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

மூன்று நாள் வழி சில மணி நேர வழியாயிற்று. டாமான்சாரா துறை தேவையற்றுப் போயிற்று. 1901 செப்டம்பரில் ஆற்றின் கழிமுகத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவும் எளிதில் அமையவில்லை. சதுப்பு நிலக் கொசுக்களால் பரவிய மலேரியா, திறந்த இரண்டு மாதங்களுக்குள் துறைமுகத்தையே மூடச் செய்தது. மருத்துவர் மால்கம் வாட்சன் மேற்கொண்ட வடிகால் பணிகளே அதனைக் காத்தன. 1972இல் அத்துறைமுகம் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

பாதையோடு வந்தவர்கள்

இரயிலோடு நம்மவர் வந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் கற்ற தமிழர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தனர். தமிழகத்திலிருந்து வந்தோர் மண் வெட்டினர், கட்டை அடுக்கினர், தண்டவாளம் பேணினர். செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமமும், ஸ்காட் சாலையிலுள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் சான்றுகள்.

தோட்டங்களுக்கு வந்தவர்களின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலின் மேற்றளத்தில் ஏற்றப்பட்டார்கள். பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கித் தடுப்பு முகாமில் இருந்தார்கள். பிறகு இரயில், பிறகு தோட்டத்து லயம். 1907இல் ஏற்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி பயணச் செலவை ஏற்றது. ஆனால் எந்தத் தோட்டம், எந்த நிலையம் என்பதைக் கங்காணியும் துரையும் முடிவு செய்தார்கள். கப்பலும் இரயிலும் இரண்டும் கிடைத்தன. தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை.

பாதை விலகிச் சென்ற பூச்சோங்

கிள்ளான் ஆறு நம் பூச்சோங்கைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. ஆனால் இரயில் பாதை பெட்டாலிங், பத்து தீகா வழியாகக் கிள்ளானுக்குச் சென்றது, பூச்சோங்கிற்கு வரவில்லை. ஆற்றுப் போக்குவரத்து ஓய்ந்த பின் ஆற்றங்கரை ஊர் என்பதற்கு மதிப்பில்லாமல் போயிற்று. ஈயச் சுரங்கங்களும், கின்ராரா, காசல்பீல்டு போன்ற இரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த புறநகராக நெடுங்காலம் பூச்சோங் இருந்தது. எல்.ஆர்.டி. இரயில் பூச்சோங்கை முழுமையாக இணைத்தது 2016ஆம் ஆண்டில்தான். அதாவது, கோலாலம்பூருக்கு முதல் இரயில் வந்து 130 ஆண்டுகள் கழித்து! ஒரு பாதை எங்கே போகிறது என்பதைப் போலவே, எங்கே போகவில்லை என்பதும் ஓர் ஊரின் வரலாற்றை எழுதுகிறது.

பாட்டி சொன்ன சொல்

இரயிலின் பெருமையை மட்டும் பேசி நிறுத்துவது நேர்மையாகாது. என் பாட்டி பூச்சோங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். அவர் இறக்கும் வரை இரயிலில் ஏறியதில்லை. 1943இல் அவருடைய அண்ணனை "மூன்று மாத வேலை, நல்ல சம்பளம்" என்று கூறி அழைத்துச் சென்றார்கள். சரக்குப் பெட்டியில் ஏறியவர் திரும்பவில்லை.

சயாம் மரண இரயில் என்று நாம் கூறும் அப்பாதை, தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942-43இல் அமைத்தது. அதன் நீளம் 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மாண்ட ஆசியத் தொழிலாளர்களின் தொகை 90,000 வரை இருக்கலாம் என்பர். அப்பாதைக்காக மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்தும் தம்பின்-மலாக்கா கிளையிலிருந்தும் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. நம் முன்னோர் பாடுபட்டுப் பேணிய இரும்பே அவர்களைப் பின்தொடர்ந்து காட்டுக்குள் சென்றது.

பாட்டி எங்களுக்குச் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: "வண்டி எங்க போவுதுன்னு கேட்டுக்கிட்டு ஏறு." சிறுவயதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்பொழுது சிரிப்பு வருவதில்லை.

மீண்டும் ரைன் ஆற்றங்கரைக்கு

ஐரோப்பாவும் இதே வழியில்தான் வந்தது. கொலோனுக்கும் மைன்ஸுக்கும் இடையே 1827இல் நீராவிக் கப்பல் முறையாக ஓடத் தொடங்கியது. 1859இல் இடது கரையோரம் இரயில் பாதை நிறைவுற்றது. ஆயினும் அங்கே ஆற்றுப் போக்குவரத்து அழியவில்லை. சரக்கும் சுற்றுலாவும் இன்றும் ஆற்றில் செல்கின்றன. நம் ஆறோ ஈயக் கழிவு மண்ணாலும் குப்பையாலும் தூர்ந்தது. வேறுபாடு ஆற்றில் இல்லை. ஆற்றைப் பேணியவர்களிடம் இருக்கிறது.

இவ்வளவும் கூறிய பின் நண்பர்களிடம் சில நடைமுறைச் செய்திகளைச் சொன்னேன். கப்பலில் பெட்டியை ஒரே முறை பிரித்து வைத்தால் போதும். முழங்கால் வலிக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் எங்கே, எத்தனை மணி நேரம் நிற்பது என்பதைக் கப்பல்தான் முடிவு செய்யும். 2018, 2022 ஆகிய ஆண்டுகளைப் போல் கோடையில் நீர் வற்றினால் பேருந்தில் ஏற்றி அனுப்பவும் கூடும். இரயிலிலோ, விரும்பிய ஊரில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கலாம். யூரெயில் சீட்டில் அறுபது வயதைக் கடந்தோருக்குப் பத்து விழுக்காடு சலுகை உண்டு. பிரான்சின் அதிவேக இரயில்களில் இருக்கைக்குத் தனியே முன்பதிவு வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் படிக்கட்டுகளும், இரயில் மாறும் அவசரமும் உண்டு.

மூன்றாவது வழியும் இருக்கிறது. இரயிலில் சென்று, ரைன் கரையில் ஒரே ஊரில் நான்கு நாள் அறை எடுத்துத் தங்கி, பொப்பார்ட் போன்ற ஊரிலிருந்து பகற்படகில் சில மணி நேரம் ஆற்றைக் கண்டு, மாலையில் கரையோர இரயிலில் அறைக்குத் திரும்பலாம். பெட்டியும் அசையாது, மணியும் அடிக்காது. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை அத்தகைய படகுகள் ஓடுகின்றன.

அம்மையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் அப்பாவும் இரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர்தான் ஐயா. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளியில் கேட்டால் 'அரசாங்க வேலை' என்று மட்டும் எழுதுவேன்" என்றார். அவர் கணவருக்கே அது புதுச் செய்தியாக இருந்தது. இரயிலிலேயே போகலாம் என்று அன்று முடிவு செய்தது அம்மையார்தான். பெட்டியைத் தாம் இழுப்பதாகக் கணவர் ஒப்புக்கொண்டார்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஐரோப்பாவுக்குப் போக முடியாவிட்டாலும், ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை கே.எல். சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் இரயிலில் கிள்ளானுக்கு அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியில் பத்து தீகாவைக் காட்டி, 1886இல் இந்த வழியாகத்தான் முதல் இரயில் சென்றது என்று கூறுங்கள். கிள்ளானில் இறங்கி ஆற்றைக் காட்டுங்கள். உங்கள் குடும்பத்தில் கப்பலில் வந்தவர் யார், இரயில்வேயில் உழைத்தவர் யார், சயாமுக்குப் போனவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். கேட்கப்பட வேண்டியவர்கள் இன்னும் சிலர்தான் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆறா, இரயிலா என்று அமர்ந்து பேசி முடிவெடுக்கும் நிலைக்கு நாம் வந்திருக்கிறோம். நம் முன்னோர்க்கு வாய்க்காத நிலை இது. எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டு ஏறுவோம்.