இரட்டை வளையக் கசிவு
இரட்டை வளையக் கசிவு என்பது மகிழுந்தின் எஞ்சின் எண்ணெயை மாற்றும்போது, எண்ணெய் வடிகட்டி பொருந்தும் இடத்தில் இரண்டு இரப்பர் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துவிடுவதால் ஏற்படும் கசிவு ஆகும். திருகிப் பொருத்தும் வகை வடிகட்டிகளில் இது நேர்கிறது. பழைய வடிகட்டியின் வளையம் வெப்பத்தால் எஞ்சினோடு ஒட்டித் தங்கிவிடக்கூடும். அதைக் கவனியாது புதியதைத் திருகினால் வளையங்கள் சரியாகப் பதியா. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் கசிவு தெரியாமலும் போகலாம். வேகம் கூடி எண்ணெய் அழுத்தம் உயரும்போது வளையம் பிதுங்கி, சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி எண்ணெய் வெளியேறிவிடும். எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். பணிமனை வரை ஓட்டிச் சென்றால் எஞ்சினே இறுகிப் பழுதாகலாம்.

கண்டறிதல்

தரையில் காணும் ஒவ்வொரு சொட்டும் கசிவன்று. வேலையின்போது சிந்திய எண்ணெய் சில நாட்கள் சொட்டுவதுண்டு. ஆகவே முதலில் அடிப்பகுதியைத் துடைத்து, எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி, நிறுத்தியபின் கைவிளக்கால் பார்ப்பர். எண்ணெய் கீழ்நோக்கியும், வண்டி ஓடுகையில் காற்றால் பின்னோக்கியும் பரவும். எனவே ஈரமான இடங்களுள் மிக மேலேயும் முன்னேயும் உள்ளதே பெரும்பாலும் கசிவின் தொடக்கமாகும். அது வடிகட்டியின் விளிம்பாயின், மேலும் இறுக்காமல் கழற்றி வளையங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணெயை வடிக்கும் திருகைச் சுற்றி ஈரமிருந்தால், பழைய வாஷரையே மீண்டும் இட்டிருப்பது வழக்கமான காரணமாகும்.