ஒரு சொல் மாறிய வரலாறு

உரிமை யாருக்கு உண்டு என்பதைப் பல வேளைகளில் சட்டத்தின் ஒற்றைச் சொல்லே தீர்மானித்துவிடுகிறது. மனித உரிமைகளின் வரலாறு இதற்குச் சான்று பகரும்.

1789-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சியாளர் வெளியிட்ட பிரகடனம் மனிதனின் உரிமைகளையும் குடிமகனின் உரிமைகளையும் பேசிற்று. ஆயின், அம்மனிதனுள் பெண் அடங்கவில்லை. வாக்குரிமை அவளுக்கு மறுக்கப்பட்டது. இதனை உணர்ந்த ஒலிம்ப் தெ கூஜ் என்னும் பெண் எழுத்தாளர், 1791-இல் பெண்ணுரிமைப் பிரகடனம் ஒன்றைத் தாமே இயற்றினார். ஈராண்டுகளின் பின், தம் அரசியல் எழுத்துகளுக்காக அவர் கில்லட்டினுக்கு இரையானார். பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944-இல்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையம் உலகளாவிய பிரகடனத்தை வரையத் தொடங்கியபோதும் பழைய சொல்லே தலைகாட்டிற்று. முதல் உறுப்புரையின் வரைவு, ‘மென்’ என்னும் ஆங்கிலச் சொல்லால் மனிதரைச் சுட்டியது. அச்சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்றே ஆணையத் தலைவர் எலினோர் ரூஸ்வெல்ட் கருதினார். இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா அதற்கு உடன்படவில்லை. ஆண்களை மட்டுமே குறிப்பதாகப் பொருள்கொள்ள அச்சொல் இடந்தரும் என்பது அவர் வாதம். விடுதலைப் போரில் சிறை சென்றவர் அவர். ஆட்சியாளர் ஏட்டின் சொற்கள் எவ்வாறெல்லாம் பொருள் கொள்ளப்படும் என்பதை அறிந்தவர். பெண்கள் நிலை குறித்த ஆணையமும் திருத்தம் கோரிற்று.

1948 டிசம்பர் 10 அன்று, பாரிஸில், 48 நாடுகள் ஆதரிக்க, 8 நாடுகள் நடுநிலை வகிக்க, எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றிப் பிரகடனம் நிறைவேறிற்று. முதல் உறுப்புரையில் சொல் மாறியிருந்தது. தமிழ் மொழிபெயர்ப்பில் அது ‘மனிதப் பிறவியினர்’ என வழங்குகிறது. ஆண்பால் ஈறு அங்கில்லை.

எனினும், தன்பாலீர்ப்பினரும் திருநரும் அதில் வெளிப்படையாகப் பெயர் சுட்டப்படவில்லை. அவர்களுக்கும் சொல்லின் பொருள்விரிவே வழி திறந்தது. 1966-ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் உள்ள ‘பால்’ என்னும் சொல், பாலீர்ப்பையும் உள்ளடக்கும் என ஐ.நா. மனித உரிமைக் குழு 1994-இல் ஆஸ்திரேலிய வழக்கொன்றில் முடிவு கூறிற்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2014-இல் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. வயது வந்தோர் இசைந்து கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று என 2018-இல் தீர்ப்பளித்தது.

தமிழ் இலக்கணத்தில் இதற்குத் தொன்மையான ஓர் இணை உண்டு. ஆண்தன்மை திரிந்து பெண்தன்மை கொண்டோரைச் சுட்டும் பெயருக்குத் தனி ஈறு இல்லை என்று கூறிய தொல்காப்பியர், அப்பெயரை உயர்திணையிலேயே வைத்தார். ஈறு இல்லை என்பதற்காக மனிதத் திணையினின்று எவரையும் அவர் விலக்கவில்லை. ‘மனிதன்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அச்சொல்லுக்கு வெளியே நிற்போர் எவரெனக் கவிஞர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.