எண்பத்தோர் இதழ்கள்

தென்திசை யாத்திரையை முடித்துக்கொண்டு சூரியன் வடக்கே திரும்பும் நாளை, நட்சத்திரக் கணக்கைப் பின்பற்றும் நம் பஞ்சாங்கங்கள் தை முதல் தேதிக்குத் தள்ளி வைத்திருக்க, சீன தேசத்தாரோ ஆகாயத்தில் கண்டது கண்டபடி, டிசம்பர் 22-ஐ ஒட்டி, நம் மார்கழியின் முதல் வாரத்திலேயே அதைக் கொண்டாடி, அன்று முதல் குளிரை நாள் நாளாக எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். ஒன்பது நாட்கள் கொண்ட கூறுகள் ஒன்பது, ஆக 81 நாட்கள்; அவை கழிந்து மார்ச் 12 வாக்கில், நம் மாசிக் கடைசியில், குளிர் ஒழியும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் ஜிங்சு பிரதேசத்துப் பண்டிகைகளையும் வழக்கங்களையும் தொகுத்தெழுதிய ஜோங் லின் என்பவரே இதைக் குறிப்பிடுவதால், எண்ணும் வழக்கம் புராதனமானது என்பதில் சந்தேகமில்லை.

எண்ணிக்கையைச் சித்திரமாக்கிய புண்ணியம் பிற்காலத்தாருக்கு உரியது. மங்கோலியச் சக்கரவர்த்திகளின் கோடைத் தலைநகராகிய ஷாங்டுவைப் பற்றி 14-ஆம் நூற்றாண்டில் செய்யுள் இயற்றிய யாங் யுன்ஃபு, அக்காலப் பெண்கள் பிளம் மலர்க்கிளை வரைந்த தாளொன்றைச் சாளரத்தில் ஒட்டி வைத்து, காலையில் முகத்துக்கு அலங்காரம் செய்துகொள்ளும்போது கன்னத்துக்குப் பூசும் செஞ்சாயத்தாலேயே தினம் ஒரு வட்டம் இட்டுவந்ததையும், 81 வட்டங்களும் நிறைந்தபின் வெண்மையான பிளம் கிளை செந்நிற ஆப்ரிகாட் கிளையாக மாறிவிட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். பனிக்காலத்தில் பூப்பது பிளம். வசந்தத்தில் பூப்பது ஆப்ரிகாட். தனியே நேரம் ஒதுக்காமல், தனிச் சாயம் வாங்காமல், கையில் இருந்ததைக் கொண்டே ஒரு ருதுவை மற்றொரு ருதுவாக்கிய அப்பெண்களின் யுக்திக்கு ஈடானது பின்னர் வந்த எந்த முறையிலும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

1635-இல் லியூ தோங், யூ இஜெங் என்னும் இருவர் பீக்கிங் நகரத்தைப் பற்றி எழுதிய நூலிலும், வர்ணமில்லாத பிளம் கிளையில் 81 இதழ்கள் வரைந்து நாளுக்கொன்றாக வர்ணம் தீட்டும் இவ்வழக்கம் ‘குளிர் நீக்கும் படம்’ என்ற பெயருடன் வருகிறது. மலருக்கு ஒன்பது இதழாக ஒன்பது மலர்கள் வரைவது பெருவழக்காயிற்று. உண்மைப் பிளம் மலருக்கு இதழ்கள் ஐந்துதான். கணிதத்துக்காகத் தாவர சாஸ்திரம் சற்றே விட்டுக்கொடுத்திருக்கிறது.

சூரியன் திரும்பிய மறுநாளே குளிர் தணிந்துவிடுவதில்லை. பகல் நீளத் தொடங்கிய பின்னரும், பூமி பெறும் வெப்பத்தைவிட இழக்கும் வெப்பமே சில வாரங்கள் அதிகமாயிருப்பதால், மூன்றாம் ஒன்பதில், அதாவது ஜனவரி 9 முதல் 17 வரையில், வட சீனத்தில் குளிரின் உக்கிரம் உச்சத்தை அடைகிறது. படத்தில் அப்போது மூன்றில் ஒரு பங்குதான் நிறைந்திருக்கும். மேலும் 54 இதழ்கள் வெள்ளையாகவே காத்திருக்கும்.

சித்திரம் எழுத வராதவர்கள் 81 வட்டங்களை வரிசையாக இட்டு, மேகம் மூடிய நாளில் வட்டத்தின் மேற்பாதியையும், வெயில் அடித்த நாளில் கீழ்ப்பாதியையும், காற்றுக்கு இடப்புறத்தையும், மழைக்கு வலப்புறத்தையும், பனி விழுந்தால் நடுவையும் கறுப்பாக்கி, அவ்வடையாளங்களைக் கொண்டு வரும் ஆண்டின் விளைச்சலை ஊகிக்கவும் முயன்றார்கள். ஊகம் பலித்ததோ இல்லையோ, வானத்தைத் தினமும் ஒருமுறையாவது அண்ணாந்து பார்த்தாக வேண்டிய நிர்ப்பந்தம் அதனால் உண்டாயிற்று.

1820 முதல் 1850 வரை ஆண்ட தாவ்குவாங் சக்கரவர்த்தியின் அரண்மனையில் இது வேறு ரூபம் கொண்டது. முற்றத்து வில்லோ மரம் வசந்தக் காற்றுக்காகக் காத்திருப்பதைச் சொல்லும் ஒன்பது எழுத்துகளை, ஒவ்வொன்றும் ஒன்பது கோடுகள் உடையதாகத் தேர்ந்து, உட்புறம் வெறுமையாக விட்டு விளிம்பு மட்டும் வரைந்து சட்டமிட்டு மாட்டினார்கள். அரண்மனையின் தெற்கு வாசகசாலைப் பண்டிதர்கள் நாளுக்கு ஒரு கோடாக அதை நிரப்பி, அன்றைய வானிலையையும் குறித்து வந்தார்கள். படைப்பு என்ற அளவில் அதி நேர்த்தியானதுதான். ஆனால் கன்னத்துச் சாயத்தை விரலால் தொட்டு இட்ட வட்டம், சம்பளம் வாங்கும் பண்டிதரின் தூரிகைக்கு வந்ததும் உத்தியோகக் கடமைகளில் ஒன்றாகிவிட்டது.